ரம்பம் யார் பக்கம்

தாராவி
11-1-1965

சேசு மரி சூசை துணை.

அன்னமேரிக்கு அண்ணன் சேசுராஜ் எழுதுவது. நலம் விசாரிக்கப் போவதில்லை. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். காலையில் குழாயடியில் நீ போட்ட சத்தத்திலேயே நீ நலமாக இருப்பது தெரிந்துவிட்டது. நேரில் கேட்கலாம் என்றால் என்னைக் கண்டதும் கதவைச் சாத்துகிறாய். அதனால் அடுத்த வீட்டுக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடும் கேவலம் எனக்கு வந்திருக்கிறது. தபால்காரன் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும்.

நேற்றுப் பூசை முடிந்து வந்து பார்த்தால், சுவரில் இருக்கும் துவாரத்தை உன் பக்கத்திலிருந்து தகரம் வைத்து அடைத்திருக்கிறாய். உன் புருஷன் ஏசுதாஸ் அடித்திருப்பார் என்று நான் நம்ப மாட்டேன். மில்லில் இராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலெல்லாம் குறட்டை விடுகிற மனிதர் அவர். ஆணி முனைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன. இடது கையால் அடித்த ஆணி எனக்குத் தெரியாதா?

ஆறு வருஷமாக நம் பிழைப்பு அந்தத் துவாரத்தின் வழியாகத்தான் நடந்தது என்பது உனக்கு மறந்துபோயிற்று போலும். என் வீட்டின் அகலம் ஒன்பதடி. பிரேம் கட்டை பத்தடி. நான் இழைத்துத் தள்ளுவேன், நீ உன் பக்கத்தில் மரப்பெட்டிக்குள் வைத்து மூலைக்குச் சாய்வாக அறுப்பாய், துண்டுகளை வாங்கி நான் வஜ்ஜிரம் வைத்து ஒட்டுவேன். அந்த மரப்பெட்டியின் வெட்டுவாய் தேய்ந்து ரம்பம் உள்ளே கூத்தாடுகிறது. அதற்காகத்தான் சோர் பஜாரில் நாலு ஞாயிறு அலைந்து இந்த இரும்பு மைட்டரை வாங்கினேன். ரம்பம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஓடுகிறது, இப்படி அப்படி அசையாது. அடியில் பாகை போட்ட தட்டு இருக்கிறது. நாற்பத்தைந்தில் வைத்துத் திருகிவிட்டால் கண் தெரியாதவன்கூட மூலை அறுக்கலாம். அதை வைக்க எட்டடிக்கு மேசை அடித்தேன். ஒவ்வொரு துண்டும் ஒரே நீளம் வர முட்டுக்கட்டையும் பொருத்தினேன். இவ்வளவும் என் செலவு, என் உழைப்பு. உன்னிடம் நான் கேட்டது கட்டையின் மறுமுனை தங்க உன் பக்கம் ஒரு பலகை. அதற்கு இந்தத் தகரமா?

கோயிலுக்குச் சிலுவைப் பாதைப் படம் பதினாலுக்கும் பிரேம் போட ஒப்புக்கொண்டிருக்கிறேன். விபூதிப் புதன் மார்ச் மூன்றாம் தேதி. அதற்குள் கோயில் சுவரில் ஏற வேண்டும். தகரத்தைக் கழற்று.

சேசுராஜ்


தாராவி
14-1-1965

சேசு மரி சூசை எனக்குத் துணை. உனக்கும் சேர்த்துத்தான், தங்கையாகப் பிறந்த பாவத்துக்கு.

உன் கடிதம் கிடைத்தது. மேசை எட்டடி, கட்டை பத்தடி, பாகை நாற்பத்தைந்து என்று எல்லாம் எழுதியவன் ஒன்றை மட்டும் எழுதவில்லை. கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு கோயில் முற்றத்தில் என்ன பேசினாய் என்பதை. கூட்டத்தில் நான் இல்லை என்று நினைத்துக்கொண்டாயா? உன் பின்னால்தான் நின்றேன், மதினி லூசியோடு.

கோயில் உபதேசியார் கேட்டார்: "ஏ சேசுராசு, பீச்சாங்கையால அறுத்த கட்டைக்குள்ளயா ஆண்டவரோட பாடுகள வைக்கப் போற?" ஏதோ ஒருநாள் உன் வீட்டுக்கு வந்தவர் துவாரத்தின் வழியாக என் கையைப் பார்த்திருக்கிறார். அவர் கேட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் ஊரில் இடது கையால் வெற்றிலை நீட்டினால்கூட எழுந்து போய்விடுவார்கள். நீ என்ன சொன்னாய்? "இல்ல உபதேசியாரே, அவ இனி தொட மாட்டா. நான் மிசின் வாங்கிட்டு இருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். அதுவும் சும்மா சிரிப்பில்லை, குழைந்த சிரிப்பு.

ஆக, மரப்பெட்டி தேய்ந்துவிட்டது என்பதெல்லாம் சாக்கு. தேய்ந்த பெட்டியில் ஆறு வருஷம் ஒரு மூலை திறந்ததாக எந்தக் கடையிலிருந்தாவது திரும்பி வந்ததா? நீ இரும்பு வாங்கியது என் கையை ரம்பத்திலிருந்து எடுக்க. என் வீட்டை மட்டும் விடவில்லை, அது வேண்டும் உனக்கு. உன் கட்டை தலைவைத்துப் படுக்க என் வீடு என்ன சத்திரமா?

இந்தச் சந்தில் என்னை ஏசுதாஸ் பெண்டாட்டி என்று ஒருவரும் கூப்பிடுவதில்லை. பிரேம்காரி என்கிறார்கள். எதிர்வீட்டுச் சைனப்கூட 'பிரேம்வாலி' என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பெயரை உபதேசியார் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாய். சின்ன வயதில் இந்தக் கையைத் தூணோடு சேர்த்துக் கட்டியது அம்மா. கட்டுவதற்கு வாகாகப் பிடித்துக்கொடுத்தவன் நீ. அன்றைக்கும் இதே சிரிப்புத்தான்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த இரும்பு நல்ல சாமான். நீ வெளியே போயிருந்தபோது மதினி காட்டினாள். ஒரு துண்டு அறுத்துப் பார்த்தேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. அதில் எந்தக் குறையும் இல்லை, உன் பக்கம் இருப்பதைத் தவிர. மைட்டர் என் பக்கத்துக்கு வரட்டும், அன்றைக்கே தகரம் கழலும்.

பாவம் மதினி. நீ அடித்த மேசையால் வீட்டில் படுக்க இடமில்லாமல் அதன் அடியில் தலையணை போட்டிருக்கிறாள்.

அன்னமேரி


தாராவி
20-1-1965

அன்னமேரிக்கு,

லூசியை மேசைக்கு அடியில் படுக்கச் சொன்னது நான் இல்லை. அங்கே எலி வராது என்று அவளே படுத்தாள். என் வீட்டு விஷயத்தை உளவு பார்க்கிற வேலையை நிறுத்து. நான் இல்லாத நேரத்தில் என் மைட்டரைத் தொட்டதற்கு வெட்கப்படாமல் அதைக் கடிதத்திலும் எழுதுகிறாய்.

உபதேசியாரிடம் என்ன சொல்லச் சொல்கிறாய்? ஆமாம் சாமி, இடது கைதான், இஷ்டமிருந்தால் கொடு, இல்லாவிட்டால் போ என்றா? பதினாலு படம். கோயிலில் பத்துப் பேர் கண்ணில் பட்டால் பத்து வீட்டில் நம் பிரேம் தொங்கும். ஒரு வார்த்தை அவர் மனம் கோணாமல் சொன்னேன். அதற்கு ஒரு பொம்பளைக்கு இவ்வளவு ரோஷமா? கை என்ன, உன் பெயர் என்ன, பிரேம்காரியாம்! நான் இழைத்து, ஒட்டி, பாலீஷ் போட்டதற்கு நடுவில் நீ நாலு இழுப்பு இழுத்தாய். அது ஒரு பட்டமா?

உன் தகரத்தை நீயே வைத்துக்கொள். எனக்கு வாசல் இருக்கிறது. மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன். கட்டை இனி வாசல் வழியாகச் சந்துக்கு நீளும். சந்து உன் அப்பன் வீட்டுச் சொத்தில்லை. முட்டுக்கட்டைக்குக் கீழே கம்பி வைத்துத் தள்ளித் தள்ளி வைக்கிற மாதிரி மாற்றிவிட்டேன். மரத்தூள் விழ அடியில் சாக்கு கட்டியிருக்கிறேன். தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருந்ததால் மேசைக் காலுக்கு ஓட்டுத்துண்டு கொடுத்து, தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தேன். ஒரு பெரிய பட்டறையில்கூட இப்படி அமைப்பு இருக்காது. நீ இல்லாமல் நடக்கிறதா இல்லையா என்று வாசலில் நின்று பார்.

சேசுராஜ்


தாராவி
29-1-1965

அண்ணனுக்கு,

வாசலில் நிற்கச் சொன்னாய். நின்றேன். இந்தச் சந்தே நின்றது. பைசா செலவில்லாமல் இப்படி ஒரு வேடிக்கை தாராவியில் யாருக்கும் கிடைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை உன் கட்டை வெளியே நீண்டபோது ரஹ்மத்துல்லா தோல் ஏற்றிய தள்ளுவண்டியோடு வந்தார். குனிந்து போ என்கிறாய் நீ. வண்டி எப்படிக் குனியும்? அவர், "அரே பாய், யே ரோட் ஹை, துமாரா துகான் நஹீ," என்று, இது வழி, உன் கடையில்லை என்பதை எவ்வளவு தன்மையாகச் சொன்னார். நீ ரம்பத்தை நிறுத்தவில்லை. கட்டை வண்டியில் இடித்து, உள்ளே நீ மேசையோடு சேர்ந்து நகர்ந்தது இங்கே சுவரில் கேட்டது. நாலு பச்சைத்தோல் உன் வாசற்படியில் விழுந்து, அந்த நாற்றம் இன்றைக்கும் போகவில்லை. அவ்வளவு சத்தத்திலும் தூங்கிய என் வீட்டுக்காரர் அந்த நாற்றத்துக்கு எழுந்துவிட்டார்.

அதோடு போயிற்றா? கட்டையின் முனையில் சைனப் பாவாடை காயப் போட்டாளாமே. கம்பம் நட்டிருக்கிறது என்று நினைத்ததாகச் சொன்னாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை, நம்பினால் நம்பு.

தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தவனே, கட்டையின் முக்கால்வாசி வெளியே தாங்க ஆளில்லாமல் தொங்குகிறதே, அதைப் பார்த்தாயா? வால் தொங்கினால் இந்தப் பக்கம் தூக்கும். தூக்கிக்கொண்டு நிற்கும் கட்டையை உன் இரும்பும் சரியாக அறுக்காது, சாமியே வந்தாலும் அறுக்காது. உன் மூலைகள் திறந்துதான் இருக்கும், நான் பார்க்கத் தேவையில்லை. பார்க்காமலே சொல்கிறேன், மரத்தூளைக் குழைத்து மக்கு வைத்து அடைத்துக்கொண்டிருப்பாய்.

மைட்டர் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அன்னமேரி


தாராவி
5-2-1965

அன்னமேரிக்கு,

இன்றைக்குக் கிங்ஸ் சர்க்கிளில் வெங்கடராமன் கடைக்குப் போனேன். அவர் சாமி படமும் கண்ணாடியும் விற்கிற இடத்தில் ஆறு வருஷமாக என் பிரேம்தான் போகிறது. போனதும் அவர் கேட்கிறார், உங்க தங்கை முந்தாநாள் வந்தாளே, நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா என்று. எனக்குத் தலையைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மூணு நாளாக ரம்பச் சத்தம் கேட்டபோதே சந்தேகப்பட்டேன். சின்னச் சின்னக் கட்டையாக வாங்கி, அந்த இளித்த மரப்பெட்டியில் அறுத்து, காலண்டர் முருகனுக்கும் லட்சுமிக்கும் சட்டம் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போகிறாய். அண்ணன் கோயில் வேலையில் கழுத்து வரை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவன் கடைக்காரனைத் தட்டிப் பறிப்பது நல்ல குணம்தான். உன்னைப் பெற்றவள் இருந்திருந்தால் மெச்சியிருப்பாள்.

எனக்கு உன் சந்து வேடிக்கையும் வேண்டாம், உன் துவாரமும் வேண்டாம். இனி கட்டையை முதலிலேயே நடுவில் நறுக்கிவிடப் போகிறேன். ஐந்தடிக் கட்டை என் வீட்டுக்குள்ளேயே அடங்கும். ஒரு பாதியில் நீளச் சட்டம் ஒன்று, அகலச் சட்டம் ஒன்று. மிச்சம் இரண்டு விரல். கணக்குச் சரியாக இருக்கிறது. இது உனக்குத் தோன்றியிருக்காது. கை மட்டும் ஓடினால் போதாது, மண்டையும் ஓட வேண்டும்.

சேசுராஜ்


தாராவி
10-2-1965

மண்டை ஓடுகிற அண்ணனுக்கு,

நேற்று மதினி எனக்கு மீன்குழம்பு கொண்டுவந்தாள். கூடவே ஒரு சேதியும். நாலு நாளாக அவள் அடுப்பில் தேக்கு எரிகிறதாம். தாராவியில் தேக்கு எரித்துக் குழம்பு வைக்கிற வீடு உன்னுடையது ஒன்றுதான். நல்ல ருசி, பொய் சொல்லக்கூடாது.

நடந்ததைக் கேட்டுச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. கடைக்காரன் பத்தடி என்று சொன்னானாம், நீ ஒரு கட்டையை மட்டும் அளந்து ஐந்தடியில் நறுக்கினாயாம், அதையே அளவாகப் பிடித்து மற்ற மூன்றையும் வரிசையாகத் தட்டினாயாம், மறுபாதிகள் சட்டத்துக்குப் பற்றாமல் குட்டையாகிப்போயினவாம். கட்டைக்குக் கட்டை நாலு விரல் கூடக்குறைய இருக்கும் என்பது ஆறு வருஷமாகத் தள்ளிய உனக்குத் தெரியாது. மறுபக்கம் நின்று வாங்கிய எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் முழுசாக என் பக்கம் இழுத்து, நீளம் பார்த்து, எந்தச் சட்டத்தை எங்கே எடுப்பது என்று முடிவு செய்து, பிறகுதான் ரம்பத்தை வைப்பேன். அதைத்தான் நாலு இழுப்பு என்று எழுதியிருந்தாய்.

வெங்கடராமனைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவர் முருகனுக்கு எந்தக் கையால் அறுத்தாய் என்று கேட்கவில்லை. மூலையில் நகம் வைத்துப் பார்த்தார், நகம் இறங்கவில்லை, இன்னும் கொண்டுவா என்றார். பறிக்க வேண்டுமென்று நான் போகவில்லை. கை சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. தகரம் அடித்த முதல் வாரம் நான் எழுந்ததும் அந்த மூலைக்குத்தான் போய் நின்றேன், அறுக்க ஒன்றும் இல்லாமல். அழுதேன். இதை உனக்கு எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். சிரித்துக்கொள்.

அன்னமேரி


தாராவி
16-2-1965

அன்னமேரிக்கு,

சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் வீட்டுக்கு வந்தார். ஆறு பிரேம் ஆகியிருந்தது. அவரும் நகம் வைத்துப் பார்த்தார். இறங்கிய நகத்தோடு மக்கும் வந்தது. அதை என் மேசையின் ஓரத்தில் துடைத்துவிட்டுப் போனார். வலது கையால் அறுத்தது என்பதற்காக அவர் மெச்சிக்கொள்வார் என்று எதிர்பார்த்த நான் ஒரு மடையன். சரி, எழுதிவிட்டேன், திருப்தியா?

கோயில் வேலைக்கு வாங்கின கட்டை பதினெட்டு. ஆறு பிரேமாகிவிட்டது, நாலு லூசியின் அடுப்புக்குப் போயிற்று. மிச்சம் எட்டு. வேண்டியதும் எட்டு. இனி ஒன்று பாழானாலும் அந்தச் சாயலில் தேக்கு கிடைக்காது, பம்பாய் முழுக்கத் தேடிவிட்டேன். விபூதிப் புதனுக்குள் முடியாவிட்டால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகப் பங்குச் சாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்புறம் இந்த வட்டாரத்தில் ஒரு கிறிஸ்தவன் நம்மிடம் படம் கொண்டுவர மாட்டான். உன்னிடமும்தான் வர மாட்டான், மறந்துவிடாதே.

அதனால் சொல்கிறேன். ஒரே ஒரு வாரம் தகரத்தைக் கழற்று. மேசையைப் பழையபடி சுவர்ப்பக்கம் போட்டுவிடுகிறேன். நான் இந்தப் பக்கம் அறுக்கிறேன், நீ அந்தப் பக்கம் நின்று கட்டை ஆடாமல் பிடித்துக்கொள். எங்கே அறுப்பது என்று நீயே குறித்துத் தா. கௌரவமான வேலைதான். யாருக்கும் தெரியவும் தெரியாது.

சேசுராஜ்


தாராவி
17-2-1965

அண்ணனுக்கு,

யாருக்கும் தெரியாது என்பதை எனக்கு ஆசை காட்டுகிற மாதிரி எழுதியிருக்கிறாயே, உன் புத்திக்கு என்ன சொல்வது! தெரியாமல் போனதுதான் என் வயிற்றெரிச்சல்.

பிடித்துக்கொள்ள மாட்டேன். குறித்துத் தரவும் மாட்டேன். மைட்டர் என் பக்கம் வர வேண்டும். நீ கட்டையைத் தள்ளு, நான் அறுக்கிறேன். முன்பு அப்படித்தானே இருந்தது?

இன்னொன்றும் இருக்கிறது. நீ என்னைக் கேவலப்படுத்தியது ஊரறிய. ஆகவே கொண்டுவருவதும் ஊரறிய. வரும் ஞாயிறு இரண்டாம் பூசை விட்டு எல்லாரும் சந்துக்குள் வருகிற நேரத்தில், உன் வாசலிலிருந்து என் வாசலுக்கு நீயே சுமந்து வர வேண்டும். உபதேசியார் அந்த நேரம் இந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். என்ன இது என்று கேட்பார், கேட்காமல் இருக்க அவரால் முடியாது. உண்மையைச் சொல்ல வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் தகரம் அப்படியே இருக்கும். உன் கோயில் வேலை போனால் என் பிழைப்பும் கூடப் போகும் என்பது எனக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

அன்னமேரி


தாராவி
19-2-1965

அன்னமேரிக்கு,

உன் பிடிவாதம் எந்த ஜென்மத்து வினையோ. உபதேசியாருக்கு இந்த வார்த்தை கேட்டால் அதற்கும் ஒரு பிரசங்கம் வைப்பார்.

துவாரத்தின் வழியாகத் தள்ளிவிடலாமா என்று அளந்து பார்த்தேன். மைட்டரின் அகலம் இரண்டு விரல் அதிகம். துவாரத்தைப் பெரிதாக்க இன்னும் ஒரு பலகை கழற்ற வேண்டும், அதற்கு உன் பக்கத்து ஆணி வர வேண்டும். நீ வர மாட்டாய். சாயங்காலம் இருட்டினதும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தால் என்ன என்று லூசியைக் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருந்தால் உனக்கு இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. என் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு உன் பக்கம் நிற்கிறாள்.

வாங்கினது நான். அலைந்தது நான். இழைத்து, மட்டம் பார்த்து, ஒரு தகடுகூட ஆடாமல் திருகினது நான். அதை எடுத்துக்கொண்டு போய் உன் வாசலில் இறக்க வேண்டும். இறக்கினால் என் மேசையில் என்ன மிச்சம்? வெறும் பலகை. கட்டை தள்ளுகிற கூலிக்காரன் ஆகிவிடுவேன் நான். இதை ஒருநாளாவது யோசித்தாயா? ஆறு வருஷமாக மூலை அழகாக இருக்கிறது என்று கடையில் சொல்லும்போதெல்லாம் நான்தான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். அந்தப் பாராட்டு எனக்கு இல்லை என்று தெரிந்துதான் வாங்கினேன். அதனால்தான் ரம்பம் என் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. உபதேசியார் கேட்டது எனக்கு வாகாகக் கிடைத்த சாக்கு. இதற்கு மேல் என் வாயைப் பிடுங்காதே.

ஞாயிறு வருகிறேன். கதவைத் திறந்து வை. வாசலில் உன் தண்ணீர்க் குடங்களை எடுத்துவிடு, கால் தடுக்கினால் மைட்டரின் தட்டு நெளிந்துவிடும்.

சேசுராஜ்


தாராவி
22-2-1965

சேசு மரி சூசை துணை.

அண்ணனுக்கு அன்னமேரி எழுதுவது. வீட்டுக்குள் வந்து இறக்கிவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாய். நானும் கேட்கவில்லை. அதனால் இந்தக் கடைசி ஸ்டாம்பு.

பத்தடி தூரத்துக்குச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாய். கையிலேயே தூக்கியிருக்கலாம், அது ஒன்றும் அம்மிக்கல் இல்லை. எல்லாவற்றிலும் உனக்கு ஒரு ஆடம்பரம். ரஹ்மத்துல்லா வண்டியை ஓரம் கட்டி வழிவிட்டபோது நீ அவர் முகத்தைப் பார்க்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

உபதேசியார் கேட்டதற்கு நீ சொன்னது என் வாசல் வரை கேட்டது. "எந்தங்கச்சிக்குத்தான் கொண்டு போறேன் உபதேசியாரே. மூலை அறுக்கது அவதான். எப்பவுமே அவதான். பீச்சாங்கைதான்." சத்தமாகத்தான் சொன்னாய், அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் தலையில் அந்த இரும்பு இருந்ததால் உன்னால் குனிய முடியவில்லை. இல்லாவிட்டால் தரையைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை? உபதேசியார் என் கையைப் பார்த்தார். நான் மறைக்காமல் நிலைப்படியில் வைத்துக்கொண்டு நின்றேன். பார்த்துவிட்டு அவர் நடையைக் கட்டினார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்ப்பது அதிகம்.

மைட்டரைப் பொருத்திவிட்டேன். நீ பொருத்தியிருந்தது மோசம் என்று எழுத ஆசையாக இருந்தது, தேடிப் பார்த்தேன், குறை கிடைக்கவில்லை. மக்கு வைத்த ஆறு பிரேமையும் அப்படியே மாட்டட்டும், நான் தொட மாட்டேன். ஆறாம் ஸ்தலம் வரை உன் வேலை. ஏழாம் ஸ்தலத்தில் ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிறார், அங்கிருந்து என் வேலை. கோயிலில் முழங்காலில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் எங்கே மாறுகிறது என்று தெரியும். உனக்கும் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப் பாதை செய்யும்போது தெரியும்.

இன்று மத்தியானம் தகரத்தைக் கழற்றிவிட்டேன். நாளைக் காலை முதல் கட்டையைத் தள்ளு. இழைத்த முகம் மேலே இருக்கட்டும். உன் பக்கம் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது, என் விரல்கள் ரம்பத்துக்குக் கீழே இருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் தள்ளுவதற்கு முன்னால் 'தள்ளுறேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் 'சரி' என்று சொன்ன பிறகு தள்ளு.

அன்னமேரி